புளியங்கொட்டையில் ஒரு வாயுக் கணக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருக்கிறவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். விஷயம் ஒரு வேதியியல் கணக்கு. கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம். உங்களில் பாதிப்பேர் வீட்டில் பதினொன்றோ பன்னிரண்டோ படிக்கிற பிள்ளை இருக்கும். அதற்காகவாவது கடைசிவரை வாருங்கள்.

கணக்கு இதுதான். ஒரு ஹைட்ரோகார்பன் வாயு 10 மி.லி. எடுத்து, 80 மி.லி. ஆக்சிஜனோடு கலந்து வெடிக்கச் செய்தார்கள். குளிர்ந்தபின் அளந்தால் 60 மி.லி. இருந்தது. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செலுத்தியதும் 30 மி.லி. மட்டும் மிஞ்சியது. அந்த ஹைட்ரோகார்பனின் மூலக்கூறு வாய்பாடு என்ன?

இதை என்னிடம் கொண்டுவந்தது அச்சங்குளத்திலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி. அவளுக்கு நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் நான்தான் எடுத்தேன். இப்போது பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறாள். மகள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்ததும் அவள் கேட்டது கணக்குக்கு விடை அல்ல, ஒரு லெட்டர்.

"டீச்சர், இவ குரூப்ப மாத்தணும்ங்கிறா. காமர்ஸ் போகணுமாம். எச்.எம்.முக்கு நயமா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நான் எழுதுனா நல்லா இருக்காது."

காமர்ஸ் படித்தால் என்ன, நன்றாகப் படிக்கட்டும். என் மருமகனே ஆடிட்டர் ஆபீசில்தான் இருக்கிறார். அதனால் நான் மறுத்துப் பேசவில்லை. ஏன் மாற வேண்டும் என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை எடுத்து இந்தக் கணக்கைக் காட்டினாள். "வெடிக்கச் செய்து" என்ற இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்தாள்.

"இத வாசிச்சா அதுக்கு மேல ஓட மாட்டேங்குது டீச்சர்."

வெளியூரில் இருக்கிற உறவுகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த விபத்து உங்களுக்கும் டி.வி.யில் வந்திருக்கும். பேன்சி ரகத்துக்கு மருந்து கலக்கும்போது உராய்வு என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கொரோனாவுக்காகச் சின்ன வகுப்புகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம் அது. இந்தப் பிள்ளை அப்போது ஆறாம் வகுப்பு, வீட்டில்தான் இருந்திருக்கிறாள். சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அவள் அம்மா அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தது வேறொரு ஆலை. ஆனால் அது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அம்மா வந்து சேரும்வரை தெருமுனையிலேயே நின்றிருக்கிறாள். பாடப்புத்தகம் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது ஒரு செய்முறைச் சொல். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு அது ஒரு மத்தியானப் பொழுது.

"லெட்டர் எழுதித் தாரேன். ஆனா ரெண்டு சாயங்காலம் வா. இந்த ஒரு கணக்க மட்டும் பார்ப்போம். அதுக்கப்புறமும் வேண்டாம்னு தோணுச்சுன்னா நானே எச்.எம்.கிட்ட வாரேன்" என்றேன். அம்மாக்காரிக்கு அரை மனது. "டீச்சர் சொன்னா சரி" என்று விட்டுப் போனாள்.

உங்களுக்கே தெரியும், நான் பட்டயப் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியை. எட்டாம் வகுப்புக்கு மேல் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் இந்தக் கணக்குக்குத் தேவையானது கூட்டலும் கழித்தலும் கொஞ்சம் வகுத்தலும்தான். மற்றதெல்லாம் என்ன நடந்தது என்று கண்ணுக்குள் பார்ப்பது. சின்ன வகுப்பு டீச்சருக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடவே உண்டு.

முதல் சாயங்காலம் கணக்கைத் தொடவே இல்லை. அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் பேசினோம். இந்தக் கணக்கில் வெடிக்கிற இடம் ஒரு கண்ணாடிக் குழாய். தடித்த சுவர், ஒரு பக்கம் மூடியிருக்கும், உடம்பில் மி.லி. கோடுகள் போட்டிருக்கும், மேல் முனையில் இரண்டு கம்பி. கம்பிகளுக்கு நடுவே ஒரு மின்பொறி விட்டால் உள்ளே பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். யூடியோமீட்டர் என்று பெயர். நல்ல காற்றை அளக்கும் கருவி என்று பொருள். காற்று சுவாசிக்க ஏற்றதா இல்லையா என்று பார்க்கத்தான் முதலில் அதை உண்டாக்கினார்கள். மின்பொறி விட்டு எரிக்கும் வழியைக் கொண்டுவந்தவர் இத்தாலிக்காரர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. நம் வீட்டு மின்சாரத்துக்கு 230 வோல்ட் என்கிறோமே, அந்த வோல்ட் இவர் பெயர்தான்.

"உள்ள வெடிச்சா குழாய்க்குள்ள இருந்து எதுவும் வெளியே போகாதா?" என்று கேட்டாள்.

போகாது. போனால் கணக்கே போட முடியாது. இந்தக் கணக்கு முழுக்க அந்த ஒரு உறுதியின் மேல்தான் நிற்கிறது: உள்ளே போட்டதெல்லாம் உள்ளேயே இருக்கிறது, உரு மாறியிருக்கலாம், காணாமல் போகாது. அதைச் சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் இளகியது.

அடுத்தது, மி.லி.யை வைத்து எப்படி மூலக்கூறை எண்ணுவது? மொச்சையையும் கேழ்வரகையும் ஒரே படியில் அளந்தால் எண்ணிக்கை ஒன்றாகவா இருக்கும்? கேழ்வரகு எண்ணிக்கையில் ரொம்பக் கூடுதலாக இருக்கும், மொச்சை குறைவாக இருக்கும். ஆனால் வாயுக்கள் அப்படி இல்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால், ஒரே அளவு இடத்தில் எந்த வாயுவானாலும் மூலக்கூறு எண்ணிக்கை ஒன்றுதான். 1811இல் அவகாட்ரோ சொன்னது. புத்தகத்தில் ஒரு வரியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். ஆனால் இது லேசில் நம்பக்கூடிய சங்கதி இல்லை.

அவளுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே எடுத்தேன். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. ஆள் குண்டோ ஒல்லியோ, கிழவியோ குமரியோ, நாலு பேர்தான். அப்படியானால் ஆட்களை எண்ண வேண்டாம், அறைகளை எண்ணினால் போதும். பத்து அறை என்றால் நாற்பது பேர். வாயுவும் அப்படித்தான். ஹைட்ரஜன் ஒல்லி, கார்பன் டை ஆக்சைடு குண்டு. ஆனால் ஒரே அளவு அறையில் ஒரே எண்ணிக்கை. வாயு மூலக்கூறுகள் தங்கள் உருவத்தைப் போலப் பல மடங்கு தள்ளித் தள்ளி நிற்கின்றன, அதனால் ஆள் பருமன் கணக்கில் வருவதில்லை.

"நம்ம ஊர்ல எல்லா அறையிலயும் நாலு பேரா டீச்சர் உட்காந்திருக்காங்க?" என்றாள்.

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் சின்னப் பிள்ளை இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது சாயங்காலம் ஒரு தட்டில் புளியங்கொட்டையும் ஒரு சோழியும் எடுத்து வைத்தேன். (எங்கள் வீட்டுப் பல்லாங்குழிச் சோழி, என் மாமியார் காலத்தது.) ஒவ்வொன்றும் 10 மி.லி. சோழி அந்தத் தெரியாத வாயு. புளியங்கொட்டை ஆக்சிஜன். ஆக, ஒரு சோழி, எட்டுக் கொட்டை. மொத்தம் ஒன்பது.

வெடித்துக் குளிர்ந்தபின் 60 மி.லி., அதாவது ஆறு. ஒன்பது எப்படி ஆறானது? இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆறும் கார்பன் டை ஆக்சைடு என்று எடுத்துக்கொண்டு நோட்டில் நாலு தடவை போட்டு அடித்திருந்தாள். டியூஷன் நோட்டில் எக்ஸ், ஒய் போட்ட ஒரு சமன்பாடு இருந்தது. அதை மனப்பாடமாகச் சொன்னாள். எந்த எண்ணை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சமன்பாட்டில் குற்றம் ஒன்றுமில்லை. குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காதவர்களுக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

குளிர்ந்த குழாயில் வாயுவாக இருப்பது இரண்டு பேர்: புதிதாக உண்டான கார்பன் டை ஆக்சைடு, எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன். தண்ணீர்? அதுவும் உண்டாகியிருக்கிறது, ஆனால் குளிர்ந்ததும் கண்ணாடியில் வியர்வை மாதிரி படிந்துவிட்டது. அதன் அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். இந்தக் கணக்கில் உண்டான நீராவி வாயுவாகவே இருந்திருந்தால் 40 மி.லி. இடம் கேட்டிருக்கும். திரவமானபின் 0.03 மி.லி. அளவுதான், ஒரு முழுச் சொட்டுக்கூட இல்லை. அதனால்தான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. (சில கேள்வித்தாளில் 100 டிகிரிக்கு மேல் அளந்ததாகப் போட்டிருப்பார்கள். அப்போது நீராவியும் கணக்கில் வரும். அந்த வரியைத் தவறவிடுகிற பிள்ளைகள் ஏராளம், உங்கள் வீட்டில் சொல்லிவையுங்கள்.)

இப்போது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கார்பன் டை ஆக்சைடை அது விழுங்கிவிடும், ஆக்சிஜனைத் தொடாது. நம் எட்டாம் வகுப்புச் சுண்ணாம்பு நீர் பால்போல மாறுமே, அதே வேலைதான். சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், கொஞ்சம் வாயுவை எடுத்ததும் ஓய்ந்துவிடும். இது நன்றாகக் கரையும், நிறைய விழுங்கும். ஆறு, மூன்றானது. எனவே போன மூன்றும் கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சிய மூன்றும் ஆக்சிஜன்.

தட்டிலிருந்து மூன்று கொட்டையைத் தனியே நகர்த்தச் சொன்னேன். எட்டில் மூன்று செலவாகவில்லை என்றால், செலவானது ஐந்து. அதுவரை நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் அவள் கைதான் நகர்ந்தது.

"மூணு கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு கார்பன். அப்ப சோழிக்குள்ள மூணு கார்பன். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஆக்சிஜன் அணு இருக்கு, அது ஒரு கொட்டை. மூணு கொட்டை அதுக்குப் போச்சு. அஞ்சுல மூணு போக ரெண்டு."

அந்த இரண்டு கொட்டையும் தண்ணீருக்குப் போனது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணு, ஒவ்வொரு அணுவும் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஒரு கொட்டைக்கு நாலு ஹைட்ரஜன், இரண்டு கொட்டைக்கு எட்டு.

"கார்பன் மூணு, ஹைட்ரஜன் எட்டு." கொஞ்ச நேரம் சோழியையே பார்த்துவிட்டு, "இது புரோப்பேன்ல டீச்சர்! சமையல் கேஸ்!" என்றாள். அதோடு விடவில்லை. ஒன்பது ஏன் ஆறானது என்று திரும்பிப்போய்ச் சரி பார்த்தாள். ஒரு சோழி, ஐந்து கொட்டை, ஆறு போனது, மூன்று புதிதாக வந்தது, மூன்று குறைவு. சரியாக இருந்தது. விடை வந்தபின் திரும்பிப்போய்ப் பார்க்கிற பிள்ளையைக் கண்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். உங்களில் ஏழெட்டுப் பேர் அப்படி இருந்தீர்கள். பெயர் சொன்னால் மற்றவர்கள் சண்டைக்கு வருவீர்கள், விட்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்க வேண்டும். கண்மாயில் முழங்கால் தண்ணீர் கிடந்தபோது கம்பால் சேற்றைக் குத்தி, குமிழி வர வர, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலில் புனல் வைத்துப் பிடித்தோமே! கரைக்கு வந்ததும் உங்களையெல்லாம் தள்ளி நிறுத்திவிட்டு நான் பாட்டில் வாயில் தீக்குச்சியைக் காட்டினேன். நீலமாய் ஒரு நாக்கு எரிந்து அடங்கியது. "கொள்ளிவாய்ப் பிசாசு டீச்சர்!" என்று ஒருவன் கத்தினான். இலை தழை சேற்றுக்குள் காற்றுப் படாமல் அழுகி உண்டாகும் மீத்தேன் அது. வயல்காட்டில் ராத்திரி கொள்ளிவாய்ப் பிசாசு வந்தது என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இந்தச் சேற்று வாயுவைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

நாம் செய்ததை நமக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஓய்வு பெற்றபின் படித்துத்தான் தெரிந்தது. 1776இல் வோல்ட்டா தன் ஊர்ப்பக்கம் மஜோரே ஏரியில் இதேபோலச் சேற்றைக் கிளறி வாயு பிடித்தார். 1804இல் இங்கிலாந்தில் ஜான் டால்டன் குளங்களில் பிடித்தார். அணுக் கொள்கை டால்டன்தான். ஏழை நெசவாளி வீட்டுப் பிள்ளை, பன்னிரண்டு வயதிலேயே கிராமப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். அதனால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம். மான்செஸ்டர் நகர மண்டபச் சுவரில் அவர் குளத்தில் வாயு பிடிப்பதைப் போர்ட் மடாக்ஸ் பிரவுன் என்ற ஓவியர் பெரிய படமாக வரைந்திருக்கிறார். டால்டன் கம்பால் சேற்றைக் கலக்குகிறார், ஒரு பையன் வாயகன்ற பாட்டிலில் குமிழியைப் பிடிக்கிறான், பக்கத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். போனில் தேடிப் பாருங்கள். நம் கண்மாய்க்கரை மாதிரியே இருக்கும், குளிருக்குப் போட்ட சட்டைதான் வித்தியாசம்.

டால்டன் அந்த வாயுவை எரித்துப் பார்த்து, எத்திலீனோடு ஒப்பிட்டால் இதில் அதே அளவு கார்பனுக்கு இரண்டு மடங்கு ஹைட்ரஜன் இருக்கிறது என்று கண்டுகொண்டார். ஆனால் ஒரே இடத்தில் ஒரே எண்ணிக்கை என்பதை மட்டும் கடைசிவரை அவர் ஏற்கவில்லை. வாயுக்கள் சின்னச் சின்ன முழு எண் விகிதத்தில்தான் சேர்கின்றன என்று 1808இல் கே லூசாக் அளந்து காட்டியும், அவர் அளவுகளே சரியில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றே டால்டன் எழுதினார். அவகாட்ரோவின் யோசனை ஐம்பது வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1860இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ருவே ஊரில் வேதியியல் அறிஞர்கள் கூடியபோதுதான் கனிசாரோ என்பவர் அதை எடுத்துப் பேசி, தன் மாணவர்களுக்காக எழுதிய பாடக்குறிப்பையும் வந்தவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். அவகாட்ரோ இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அறைக்கு நாலு பேர் என்று இரண்டு நிமிடத்தில் நான் சொல்லிவிட்டுப் போனதற்குப் பின்னால் இவ்வளவு சண்டை இருக்கிறது. பிள்ளைக்கு உடனே புரியவில்லை என்று திட்டுகிற பெற்றோர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த இன்னொன்று. எடை போட்டுப் பார்க்கிற முறையில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம்தான் கிடைக்கும், எளிய விகித வாய்பாடு என்பார்கள். அசிட்டிலீனுக்கும் பென்சீனுக்கும் அந்த விகிதம் ஒன்றே, ஒன்றுக்கு ஒன்று. எது எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கனஅளவு முறையிலோ சோழியையும் சேர்த்தே அளந்துவிடுகிறோம். ஒரு மூலக்கூறுக்குள் எத்தனை கார்பன் என்று நேரடியாக வந்துவிடுகிறது.

ஆனால் இதற்கும் ஒரு பொறி உண்டு. அதைக் கண்டுபிடித்தது அந்தப் பிள்ளைதான். "நம்ம வீட்டு சிலிண்டர் கேஸ எடுத்து இப்பிடிச் செஞ்சா இதே விடை வருமா?" என்று கேட்டாள். வராது. சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். மூன்று கார்பனும் வராது, நாலும் வராது, நடுவில் ஏதோ ஒரு பின்னம் வரும். பின்னம் வந்தாலாவது ஏதோ சரியில்லை என்று தெரியும். மோசம் எங்கே தெரியுமா? மீத்தேனும் புரோப்பேனும் சரிபாதி கலந்த 10 மி.லி.யை எரித்தால் 35 மி.லி. ஆக்சிஜன் செலவாகி 20 மி.லி. கார்பன் டை ஆக்சைடு வரும். சுத்தமான ஈத்தேன் 10 மி.லி. எரித்தாலும் துல்லியமாக அதே 35, அதே 20. குழாய்க்குள் ஈத்தேன் ஒரு துளிகூட இருக்காது, கணக்கு ஈத்தேன் என்று அடித்துச் சொல்லும். நம்பாதவர்கள் போட்டுப் பாருங்கள். அதனால் கணக்கில் "ஒரு ஹைட்ரோகார்பன்" என்று இருக்கிற அந்த "ஒரு" முக்கியமான சொல். உள்ளே இருப்பது ஒரே பொருள் என்று வேறு வழியில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் இந்தக் கணக்கை நம்பலாம். நம் கண்மாய் வாயுவிலும் மீத்தேனோடு கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் கலந்துதான் வரும். டால்டனும் அதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இதைப் பேசி முடித்தபின் அவள் புளியங்கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அன்னைக்கு வெடிச்சதுல என்ன மருந்து இருந்துச்சுன்னு இப்பிடிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா டீச்சர்?"

இரண்டு நாளாக அவள் மனதில் இதுதான் இருந்திருக்கிறது. நான் நேராகவே சொன்னேன். முடியாது, தாயி. பட்டாசு மருந்து ஒரே பொருள் இல்லை, கலவை. உப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் தனித்தனித் தூளாகக் கூடிக் கிடப்பது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் வெளியிலிருந்து வருவதில்லை, வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் மூடிய காகிதக் குழாய்க்குள்ளும் எரிகிறது, மண்ணைப் போட்டு மூடினாலும் அணைவதில்லை. எரிந்தபின் வருவதில் பாதி வாயு கூட இல்லாமல் போகலாம், புகை என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி திடத் துகள். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே குழாய் இல்லை. எல்லாம் வெளியே போய்விட்டது. தடயவியல்காரர்கள் சுவரிலும் மண்ணிலும் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்து, எந்த உப்பு, எந்த உலோகம் என்று வேறு சோதனைகளால் பார்ப்பார்கள். அது வேறு வேலை. அதுவும் வேதியியல்தான்.

"அப்ப அதப் படிக்கிறவங்களும் இந்தப் பாடத்துலருந்துதான் ஆரம்பிப்பாங்களா?"

ஆமாம் என்றேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்கள் முதல்முறை கேட்டால் திகைப்பார்கள். நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, வெடிக்குள் போடுவதும் மருந்து. பச்சை உப்பு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதன் பெயர் பேரியம் நைட்ரேட் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளுக்குத் தடை போட்டபோதுதான் பல வீடுகளில் முதல்முறை கேட்டார்கள். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்தால் லேசான உராய்வுக்கே பற்றிக்கொள்ளும் என்பதால் 1992இலேயே அந்தக் கலவைக்கு நாட்டில் தடை வந்துவிட்டது. தடை இருப்பது கலக்குகிறவர்களில் பலருக்குத் தெரியும். ஏன் பற்றிக்கொள்கிறது என்பதை அவர்களுக்கு யார் உட்கார்ந்து சொன்னார்கள்? கைப்பக்குவம் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சல்லடையை எப்படி மெதுவாக ஆட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. ஆனால் மருந்தோடு வாழ்கிற ஊரில் வேதியியல் படித்த பெண்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை. அவள் தலையில் ஊர்ப் பாரத்தை ஏற்றக் கூடாது. இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

அவள் அம்மா கூட்டிப்போக வந்தபோது பிள்ளை தட்டை அவள் முன்னால் வைத்து, சோழியும் கொட்டையுமாக முழுக் கணக்கையும் சொல்லிக் காட்டினாள். சரம் பின்னிப் பின்னி அவள் கைவிரல்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. அந்த விரலால் மிச்சம் மூன்று கொட்டையைத் தொட்டு, "இது எரியாம மிஞ்சுனது, அப்பிடித்தானே?" என்றாள். சரியாகச் சொன்னாள். ஐந்தாம் வகுப்பில் கழித்தல் கணக்கில் என்னிடம் குட்டு வாங்காத ஒரே ஆள் அவள்தான்.

லெட்டர் விஷயம் கேட்பீர்கள். இரண்டு வாரமாகிறது, இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. கேட்டால் எழுதித் தருவேன், சொன்ன சொல் சொல்தான். போன சனிக்கிழமை இரண்டாவது பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குவாண்டம் எண்களாம். அதற்குப் புளியங்கொட்டை பத்தாது, நானே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். வாரம் ஒரு நாள் போனிலாவது அவளுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

இப்போது மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். திருவிழாக் கடைகளில் முன்பெல்லாம் கார்பைடு விளக்கு எரியுமே, பூண்டு வாடை மாதிரி மூக்கில் ஏறுமே, அதில் எரிந்த வாயு இது. 20 மி.லி. வாயு, 80 மி.லி. ஆக்சிஜன். வெடித்துக் குளிர்ந்தபின் 70. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குப் பின் 30. வாய்பாட்டைக் கண்டுபிடித்துக் கமெண்ட்டில் போடுங்கள், வழியோடு போடுங்கள். இதில் சோழி ஒன்றல்ல, இரண்டு; அங்கேதான் வழுக்கும். தாளில் மட்டும் செய்யுங்கள், கார்பைடு வாங்கிவந்து யாரும் வீட்டில் விளையாடக் கூடாது. கூகுளில் பார்த்து விடையை மட்டும் எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். முப்பது வருடம் உங்கள் நோட்டைத் திருத்தியவள் நான்.